அண்ணை வாட்டிய ஸ்டேக்கும் நான் வெட்டிய பழமும்

1

இதை எழுத உட்கார்ந்து இதுவரை மூன்று தடவை எழுந்துவிட்டேன். ஒரு தடவை தண்ணீர் குடிக்க, ஒரு தடவை கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்க. மூன்றாவது எதற்கென்று எனக்கே தெரியவில்லை. ஆடி அமாவாசை கழிந்து மூன்று கிழமையாகிறது. அன்றிலிருந்து ஓர் இடத்தில் இருக்க முடியாமல் இருக்கிறது. எழுதிப் பார்த்தால் சரிவருமோ என்று எழுதுகிறேன்.

மொன்றியலில் வில்லரே என்ற பகுதியில் அண்ணையின் வீட்டில் இருக்கிறேன். கீழ்த்தளத்தில் நாங்கள், மேலே ஒரு போர்த்துக்கீசக் குடும்பம், பின்னால் ஒரு பாய் விரிக்கும் அளவுக்குப் புல்லும் ஒரு கம்பி வேலியும். அண்ணை இங்கு அகதியாக வந்து பதினெட்டு வருடம். நான் மாணவர் விசாவில் வந்து ஆறு வருடம்.

எங்கள் அப்பா கிணறு வெட்டினவர். அண்ணை ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு அப்பாவோடு கல் தூக்கப் போனார். அம்மா கைநாட்டு. பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்தவன் எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான் நானும்.

அண்ணைக்கு நகர மையத்தில் ஒரு ஸ்டேக் உணவகத்தில் வேலை. கோப்பை கழுவுவதில் தொடங்கி, இப்போது பதினொரு வருடமாக நெருப்படியில் நிற்கிறார். ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், ஸ்டேக் என்பது உள்ளங்கை அகலமான, இரண்டு விரல் தடிப்பான மாட்டிறைச்சித் துண்டு. ஒரு சனிக்கிழமையில் அப்படி நூற்றுக்கு மேல் வாட்டி இறக்குவார். ஒரு துண்டையும் வாயில் வைத்ததில்லை. வேலையால் வந்து குளித்து, திருநீறு பூசிய பிறகுதான் சோற்றில் கை வைப்பார்.

2

வீட்டுக்கு வரும் படிவங்கள் எல்லாம் என் பொறுப்பு. வரி, வாடகை, மருத்துவ அட்டை, அண்ணையின் மகள் ஆரணியின் பள்ளிக்கூடம். சென்ற வருடம் பள்ளிப் படிவத்தில் தகப்பனின் தொழில் என்று ஒரு பெட்டி இருந்தது.

“கிறில் எண்டு போடு” என்றார் அண்ணை. நெருப்படியை அவர்கள் சமையலறையில் அப்படித்தான் சொல்வார்கள்.

நான் ‘உணவகத் துறை’ என்று பிரெஞ்சில் எழுதினேன்.

“என்ன எழுதினனீ?”

“அதைத்தான் எழுதினனான்.”

ஆரணி எட்டிப் பார்த்தாள். பத்து வயது. தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள், பிரெஞ்சில் கேட்டால் தோளைக் குலுக்குவாள். அன்று மட்டும் தமிழில், “சித்தப்பா, அது அது இல்லை” என்றாள். நான் படிவத்தை மடித்து உறைக்குள் வைத்துவிட்டேன்.

அண்ணைக்கு அரசாங்கக் கடிதம் ஒன்றையும் வாசிக்கத் தெரியாது. ஆனால் சமையலறைப் பிரெஞ்சில் பகிடி விடுவார், சண்டை பிடிப்பார், தூஷணமும் சரளம். நான் பிரெஞ்சு வகுப்பில் சான்றிதழ் வாங்கியவன். லொங்குய்யில் கட்டட வரைபட அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். மஞ்சள் மெற்றோவில் ஆற்றைக் கடந்து போய்வருகிறேன். மதிய இடைவேளையில் கூட வேலை செய்பவர்கள் வேகமாகக் கதைத்துச் சிரிக்கும்போது நான் அரை வினாடி பிந்திச் சிரிப்பேன். அந்த அரை வினாடி என்னைப் போட்டு வாட்டும். அதை மறைக்க எதையாவது செய்துகொண்டிருப்பேன்.

அப்படி ஒரு மதியத்தில்தான் அந்தப் பொய் பிறந்தது. எங்கள் பகுதிக்குப் பொறுப்பானவர் சில்வி, ஐம்பது வயதுப் பெண். குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். அண்ணை பதினெட்டு வருடமாக உணவகத்தில், ஸ்டேக் உணவகம் என்றேன். எனக்கு எதிர்மேசையில் இருக்கும் மார்த்தான் விசிலடித்தான். “சொந்த உணவகமா? அடேங்கப்பா!”

நான் இல்லை என்று சொல்லவில்லை, சிரித்தேன். அவர்கள் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதன்பின் அது தானாக வளர்ந்தது. எத்தனை மேசை என்று கேட்டார்கள், நாற்பது என்றேன். சனிக்கிழமை கூட்டமா என்று கேட்டார்கள், நிற்க இடமில்லை என்றேன். எல்லாம் உண்மைதான், ஒன்றைத் தவிர.

3

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கோடையிலும் ஒரு சனிக்கிழமை யாராவது ஒருவரின் வீட்டு வளவில் கூடி இறைச்சி வாட்டிச் சாப்பிடுவது. இந்த வருடம் என் முறை. “ஸ்டேக் தான் வேண்டும், உன் அண்ணனின் இரகசியத்தோடு” என்றான் மார்த்தான். சில்வி நாளைக் குறித்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்.

அடுத்த ஞாயிறு அம்மா ஊரிலிருந்து தொலைபேசி எடுத்தா.

“தம்பி, ஆடி அமாவாசை இந்தமுறை சனிக்கிழமை வருது. ரெண்டு பேரும் ஒழுங்கா விரதம் பிடியுங்கோ. அங்க காத்தோட்டிக்காய் எடுக்கலாமோ?”

தகப்பன் இல்லாதவர்கள் தகப்பனுக்காகப் பிடிக்கும் விரதம். காத்தோட்டி அன்றைய படையலுக்கென்றே சமைக்கும் கசப்புக் காய். அதே சனிக்கிழமை. சில்வியிடம் நாளை மாற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு நாள் தலைக்குள் வைத்துக்கொண்டு திரிந்து, பிறகு அண்ணையிடம் சொன்னேன்.

அவர் பின்படியில் இருந்து கால்விரலைச் சொறிந்துகொண்டிருந்தார். “எத்தினை பேர்?”

“அஞ்சு பேர்.”

“ஆர் வாட்டுறது?”

“நான்தான். வீடியோ பாத்தனான்.”

“வீடியோவோ!” குலுங்கிச் சிரித்தார். “பாவங்கள், செருப்பைக் கடிச்சுப்போட்டுப் போகப்போகுதுகள். நான் நிக்கிறன்.”

“அண்ணை, விரதம்...”

“நான் எத்தினை அமாவாசை, எத்தினை வெள்ளிக்கிழமை உந்த இறைச்சி வாட்டியிருப்பன்? வாயிலை வைக்காட்டிச் சரி. அப்பருக்குத் தெரியும், நான் என்ன வேலை செய்யிறன் எண்டு.”

இவ்வளவு வருடத்தில் முதல் தடவையாக ஒரு சனிக்கிழமைக்கு லீவு எடுத்திருந்தார், விரதத்துக்காக. அந்த லீவிலும் எனக்காக நெருப்படியில் நிற்கப்போகிறார். அந்தப் படியிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும்: அண்ணை, அங்கே உங்களை முதலாளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அப்படி நினைக்க விட்டவன் நான்தான் என்று. சொல்லவில்லை. இவர் என் அண்ணன் என்று அறிமுகப்படுத்துவேன், உணவகத்தைப் பற்றி ஒருவரும் கேட்காமல் விடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எனக்கிருந்த திட்டம் அவ்வளவுதான்.

அண்ணி வேறு நிபந்தனை போட்டா. “தம்பி, நான் ஒண்டும் சொல்லேல்லை. வீட்டுக்குள்ள வரப்படாது. என்ர கத்தி, பலகை, கோப்பை ஒண்டும் தரமாட்டன். குளிர்பெட்டியிலையும் வைக்கேலாது.”

ஐஸ் பெட்டி, புதுக் கத்தி, பலகை, அலுமினியத் தட்டுகள் எல்லாம் வாங்கினேன்.

4

வெள்ளி மாலை வேலையால் வரும்போது ஜான்-டலோன் சந்தையில் இறங்கினேன். வாட்டிய இறைச்சிக்குமேல் பழச் சால்சா வைப்பது இங்கே கோடைக்கு ஒரு பழக்கம். சால்சா என்பது பழத்தைப் பொடியாக வெட்டி, வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லி, தேசிக்காய்ப்புளி, உப்புச் சேர்த்துப் பிரட்டியது. அண்ணை அதைப் பழச் சம்பல் என்பார். அதை மட்டுமாவது நானே செய்யவேண்டும் என்று நினைத்தேன். பீச் பழம் விற்ற பெண் ஒரு துண்டை வெட்டிக் கத்தி நுனியில் நீட்டினாள். கடித்தவுடன் சாறு முழங்கைவரை ஓடியது. “இது இன்றைக்கே சாப்பிட. நாளைக்கு என்றால் கொஞ்சம் கல்லாக இருப்பதை எடு” என்று அவளே பொறுக்கித் தந்தாள். பீச், ஸ்ட்ரோபெரி, ஒரு சிறு கூடை புளூபெரி எடுத்தேன்.

சனி காலை அப்பாவின் படத்துக்கு முன் படையல் போட்டோம். காத்தோட்டிக்காய் தமிழ்க் கடையில் உறைந்த பொட்டலமாகக் கிடைத்திருந்தது. காகத்துக்கு வைத்த சோற்றை வேலியால் இறங்கி வந்த அணில் முதலில் தொட்டது. அண்ணை அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “அப்பருக்கு வாலும் முளைச்சிட்டுது” என்றார். “பகிடி விடுற நாளே இது?” என்று அண்ணி உள்ளேயிருந்து கத்தினா.

சாப்பிட்டு முடிந்ததும் அண்ணை சற்றுச் சரிந்து படுத்தார். நேரத்தை வீணாக்காமல் இறைச்சியைத் தயார் செய்வோம் என்று எனக்கு ஓர் அவசரம். ஐஸ் பெட்டியைத் திறந்து ஆறு துண்டுகளையும் வாளியில் போட்டு, வளவுக் குழாயில் மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, மஞ்சள்தூளும் உப்பும் போட்டு நன்றாகத் தேய்த்தேன். எங்கள் வீட்டில் எந்த இறைச்சிக்கும் அதுதானே முதல் வேலை.

“டேய்! ஆர் உன்னைக் கழுவச் சொன்னது?” அண்ணை பின்படியில் நின்றார்.

“இறைச்சி எண்டால் கழுவித்தானே...”

“மஞ்சளுமோ!” ஒரு துண்டை இரண்டு விரலால் தூக்கி வெயிலுக்குப் பிடித்தார். கோயில் கொடி மாதிரி மஞ்சளாகத் தொங்கியது. “வெள்ளைக்காரனுக்கு மாட்டை நீராட்டி, மஞ்சளும் பூசி... மாலை ஒண்டு போட்டிருந்தால் கலியாணம் முடிஞ்சிருக்கும். படிச்சவன்!”

கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு கழுவி ஊற்றி, கடதாசித் துவாயில் ஒரு சுருள் முழுவதும் முடியும்வரை ஒவ்வொரு துண்டாக ஒற்றி ஒற்றிக் காயவைத்தார். “ஈரம் இருந்தால் அவிஞ்சுபோம். காஞ்சிருந்தால்தான் மேல்தோல் பிடிக்கும்.” யன்னலால் அண்ணியின் குரல் வந்தது: “அந்த வாளியை இனி நான் தொடன்!”

“வாயிலை வைக்காமல் எப்பிடி அண்ணை பதம் தெரியும்?” என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் நான் கேட்காத கேள்வி.

“அம்மா படையலுக்குச் சமைக்கேக்க உப்புப் பாக்கிறவவே? கைக்குத் தெரியும்” என்றார். துண்டின் நடுவை விரலால் ஒருமுறை அழுத்திவிட்டு அடுத்ததை எடுத்தார்.

5

மூன்று மணிக்கு அண்ணி ஆரணியைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டா. நாலு மணிக்கு அலுவலகத்தவர்கள் வந்தார்கள். நான் மடக்கு மேசையில் பீச் வெட்டிக்கொண்டிருந்தேன். அண்ணை அப்போதுதான் உள்ளே போய் வேலையிடத்துக் கறுப்புச் சட்டையும் ஏப்ரனும் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நெருப்புக்கு அதுதான் வசதியாம். கரி அடுப்பைக் கிளறி, முதல் துண்டைப் போட்டார். சத்தம் பக்கத்து வளவுவரை கேட்டிருக்கும்.

சில்வி பக்கக் கதவால் ஒரு வைன் போத்தலோடு முன்னால் வந்தார். அண்ணையை மேலிருந்து கீழே பார்த்து, என்னைப் பார்த்து, கையைத் தட்டினார்.

“ஓ! உன் அண்ணன் தன்னுடைய சமையல்காரர் ஒருவரையே அனுப்பியிருக்கிறாரா? எவ்வளவு நல்ல மனிதர்!”

“உய்” என்றேன்.

ஆமாம் என்பதற்கு ஒரேயொரு எழுத்துப் போல ஒரு சொல். அது எவ்வளவு இலகுவாக வந்தது என்பதுதான் மூன்று கிழமையாக என்னை எழுப்பி எழுப்பி நடக்கவைக்கிறது.

அண்ணையின் இடுக்கி ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு திரும்பி, தொப்பியைத் தொட்டு, “பொன்ஜூர் மதாம். எந்தப் பதத்தில் விருப்பம்?” என்றார். அவருடைய பிரெஞ்சு தடங்கலே இல்லாமல் ஓடியது. சில்விக்கு உள்ளே சிவப்பாக இருக்கவேண்டும். மார்த்தானுக்கு நடுப்பதம். மற்ற மூவரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். அடுப்பு சின்னது, அதனால் ஒவ்வொன்றாக வாட்டினார். இறக்கி, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, பலகையில் வைத்து வெட்டிக் கொடுத்தார். நான் மேலே பழச் சம்பலை வைத்தேன்.

முதல் தட்டு சில்விக்குப் போனது. கண்ணை மூடிக்கொண்டு மென்றார். “உன் அண்ணனுக்குச் சொல்லு, இப்படி ஒரு ஆளை வைத்திருக்க அவர் அதிர்ஷ்டசாலி.” நான் உப்பு எடுக்க உள்ளே போனேன். உப்பு மேசையிலேயே இருந்தது.

இரண்டாவது தட்டு மார்த்தானுக்கு. அவன் எழுந்து அடுப்படிக்கே போய் அண்ணையின் தோளில் தட்டினான். “எப்படி, முதலாளி கடினமான ஆளா?”

“முதலாளி நல்லவர்” என்றார் அண்ணை, கரியைப் பார்த்துக்கொண்டே. “அவருக்கு ஒரு தம்பி இருக்கிறான். அவன்தான் கடினம்.”

எல்லோரும் என்னைப் பார்த்து வெடித்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று மட்டும் நான் பிந்தவில்லை.

மூன்றாவது, நாலாவது. நான் தட்டு எடுக்கப் போனேன், கடதாசி எடுக்கப் போனேன், ஐஸ் எடுக்கப் போனேன். அறைக்குள் அப்பாவின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் குனிந்து நடந்தேன். யாராவது கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். யாரும் கேட்கவில்லை. ஏன் கேட்கப்போகிறார்கள்? அவர்களுக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. பழச் சம்பலை யாரோ புகழ்ந்தார்கள், நான் நன்றி சொன்னேன். ஐந்தாவது தட்டும் போய்விட்டது.

அப்போது அண்ணை கடைசித் துண்டை நெருப்பில் போட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். அது என் பங்கு. அலுவலகத்தவரோடு வெளியில் நான் ஸ்டேக் சாப்பிடுவது அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். இன்று ஒரு துண்டைச் சும்மா மென்று வைத்தால் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்றும் நினைத்திருந்தேன், விரத நாளில்.

“உங்களுக்கு, மிஸ்யூ? எந்தப் பதத்தில்?”

பிரெஞ்சில்தான் கேட்டார். நல்ல உணவகத்தில் விருந்தாளியைக் கேட்பதுபோல, தலையைச் சற்றுச் சாய்த்து. முகத்தில் பகிடி இல்லை, கோபமும் இல்லை. என்னைத் தூக்கி வளர்த்த மனிதர் என்னை மிஸ்யூ, ஐயா என்கிறார்.

“அண்ணை” என்றேன். தமிழில்தான் வந்தது. “எனக்கு வேண்டாம். இண்டைக்கு அப்பான்ர விரதம்.”

“இப்பதான் ஞாபகம் வந்ததோ?” என்று துண்டைப் புரட்டினார்.

மார்த்தான் கேட்டான்: “என்ன சொன்னாய்?”

எழுந்து நின்றேன். “இவர்தான் என் அண்ணன். உணவகம் இவருடையது இல்லை. அங்கே நெருப்படியில் நிற்பவர் இவர். பதினொரு வருடமாக. நீங்கள் நினைத்தது பிழை என்று எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. இன்றைக்கும் பொய் சொன்னேன்.” என் சான்றிதழ்ப் பிரெஞ்சு நடுவில் உடைந்து, இறந்தகாலத்தில் சொல்லவேண்டியதை எல்லாம் எதிர்காலத்தில் சொன்னேன் என்று நினைக்கிறேன். ஒருவரும் திருத்தவில்லை. மார்த்தான் முள்ளுக்கரண்டியைத் தட்டில் வைத்த சத்தம் கேட்டது.

சில்வி என்னைப் பார்க்கவில்லை. எழுந்து நேராக அடுப்படிக்குப் போய் அண்ணையிடம் கையை நீட்டினார். “அப்படியென்றால் உங்களிடமே சொல்லவேண்டும். நான் சாப்பிட்டதிலேயே மிக நல்லது இதுதான்.”

அண்ணை கையை ஏப்ரனில் துடைத்துக் குலுக்கினார். “மெர்சி மதாம். போய் இருந்து சாப்பிடுங்கள், ஆறுகிறது.”

6

ஏழு மணிக்குமுன் போய்விட்டார்கள். ஏன் நாங்கள் இருவரும் சாப்பிடவில்லை என்று கேட்டார்கள், விரதத்தைப் பற்றிச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். காரில் போகும்போது என்ன கதைத்தார்கள் என்பது தெரியாது. திங்கட்கிழமை சில்வி வழமைபோல் வேலை தந்தார். மார்த்தான் இப்போது என் குடும்பத்தைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் நானாகவே தொடங்கி, அண்ணை எப்படி வாட்டுவார் என்று சொன்னேன். தலையாட்டினான், அவ்வளவுதான்.

அன்று அவர்கள் போனபின் அண்ணை கம்பித் தூரிகையால் அடுப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஆறாவது துண்டை மேல்வீட்டுப் போர்த்துக்கீசரிடம் கொடுத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றேன். வெயில் இன்னும் இருந்தது.

“அண்ணை, கோவமோ?”

“என்னத்துக்குக் கோவம்.” சுரண்டினார். “நான் முதலாளியாம். எனக்கே சிரிப்பு வந்தது.”

“முந்தியே சொல்லியிருக்கோணும்.”

“நீ சொல்லுவாய் எண்டு எனக்குத் தெரியும்.” தூரிகையைத் தட்டிக் கரித்தூளை உதறினார். “எப்ப சொல்லுவாய் எண்டுதான் பாத்துக்கொண்டு நிண்டனான். முதல் துண்டு இறக்கேக்க சொல்லுவாய் எண்டு நினைச்சன். சொல்லேல்லை. சரி, ரெண்டாவது இறக்கட்டும் எண்டு நிண்டன். அதுக்கும் இல்லை. பேந்து நான் உன்னைப் பாக்கேல்லை, இறைச்சியைத்தான் பாத்தன்.”

நான் குனிந்து புல்லில் கிடந்த கடதாசிகளைப் பொறுக்கினேன்.

“ஆறாவதிலைதான் சொன்னனீ” என்றார். எந்த மேசைக்கு எந்தத் தட்டு என்று சொல்கிற குரலில் சொன்னார். மூடியைச் சாத்திவிட்டு, கை கழுவக் குழாயடிக்குப் போனார்.

அவர் அந்த வெக்கையில் ஐந்து துண்டுகள் வாட்டி இறக்கும்வரை நின்றிருக்கிறார். நான் உப்புத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.